காலேஜ் ஃபுட்பால் பழக ஆசையா? ஒரே அணியை, ஒரே சீசனைப் பிடித்துக்கொள்ளுங்கள்

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலை (நம்மூர் கால்பந்து இல்லை, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் பல்கலைக்கழக ஆட்டம்) பார்க்கத் தொடங்கி இரண்டே வாரத்தில் கைவிட்டவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130-க்கு மேல் அணிகள், பெரும்பாலானவை சனிக்கிழமை ஒரே நாளில் ஆடுகின்றன, எங்கே கண்ணை வைப்பது என்றே புரியாது. அதனால் எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். ஒரு அணியின் ஒரு சீசனை எடுத்து, ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜனவரி வரை வரிசையாகப் பாருங்கள். யார் கேட்டாலும் நான் சொல்வது ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அணியான ஓஹாயோ ஸ்டேட்டின் 2024 சீசன். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், தெரிந்து பார்த்தாலும் சுவை குறையாது: இரண்டு ஆட்டங்களில் தோற்ற அணி, அதுவும் ஒன்றில் சொந்த ரசிகர்களே கொதித்துப்போகும்படி தோற்ற அணி, கடைசியில் தேசியப் பட்டத்தை வென்றது.

விதிகளை முழுசாகப் படித்த பிறகுதான் பார்ப்பேன் என்று இருக்காதீர்கள். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு (சுமார் 9 மீட்டர்) முன்னேற நான்கு வாய்ப்பு, அதுதான் டவுன். முன்னேறினால் மறுபடி நான்கு. பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் டச்டவுன், அதற்கு 6 புள்ளி, அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னொன்று; டச்டவுன் இல்லாமல் அப்படி உதைப்பது ஃபீல்ட் கோல், அதற்கு 3. முதல் ஆட்டத்துக்கு இவ்வளவு போதும், மற்றதை ஆட்டமே சொல்லிக்கொடுக்கும்.

அடுத்து அட்டவணையை எடுங்கள். வழக்கமான சீசனில் 12 ஆட்டம். ஓஹாயோ ஸ்டேட் ஆடும் பிக் டென் கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் அணிகளின் குழு) ஒன்பது கான்ஃபரன்ஸுக்குள், மூன்று வெளியே. அந்த மூன்றும் 2024-இல் 52-6, 56-0, 49-14 என்று முடிந்தன. இந்த ஸ்கோர்களைப் பார்த்து மயங்க வேண்டாம், எதிரே இருந்தவை சிறிய அணிகள். இங்கே புதிய முகங்களை மனதில் பதித்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. மாணவர்கள் இப்போது ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக மாறலாம், 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் செய்யலாம், அதனால் ஒரே கோடையில் அணி ஆளே மாறிவிடும். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து வந்தவர், ஓட்டக்காரர் குவின்ஷான் ஜட்கின்ஸ் ஓல் மிஸ்ஸிலிருந்து, தடுப்பாட்டத்தில் கேலெப் டவுன்ஸ் அலபாமாவிலிருந்து. அப்புறம் முதலாண்டு மாணவர் ஜெரமையா ஸ்மித், பந்து பிடிப்பதில் அவரைப் போல ஒரு பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனை நான் பார்த்ததில்லை. பிறகு நான்கு தேதிகளை வட்டமிடுங்கள்: அக்டோபர் 12 ஒரேகான், நவம்பர் 2 பென் ஸ்டேட், நவம்பர் 23 இண்டியானா, நவம்பர் 30 மிச்சிகன்.

இந்தியாவிலிருந்து நேரலையில் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நண்பகல் ஆட்டம் இங்கே சனிக்கிழமை இரவு 9.30, நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு 10.30. மாலை ஆட்டம் என்றால் ஞாயிறு விடியற்காலைதான்.

சரி, முதல் தோல்வி. ஒரேகானில் 32-31. கடைசி நொடிகளில் ஹவர்ட் பந்தோடு ஓடிச் சறுக்கி உட்கார்ந்தபோது கடிகாரத்தில் நேரமே மிச்சமில்லை. ஒரு தோல்வியை எடைபோட மூன்று கேள்விகள்: எங்கே, யாரிடம், எவ்வளவு வித்தியாசத்தில்? வெளியூரில், தரவரிசையில் மூன்றாவது இருந்த அணியிடம், ஒரே புள்ளியில். இது அணியைக் கவிழ்க்கிற தோல்வி இல்லை. உண்மையான அடி வேறு இடத்தில் விழுந்தது. குவார்ட்டர்பேக்கின் இடப்புறத்தைக் காக்கும் லெஃப்ட் டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் அந்த ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு, மீதி சீசன் முழுக்க ஆடவில்லை.

இங்கேதான் நிதானமாகப் பார்க்கச் சொல்கிறேன். பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல், முன்வரிசையில் நிற்கும் அந்த ஐந்து பெரிய உடம்புக்காரர்களைப் பாருங்கள். அடுத்த ஆட்டத்தில் நெப்ராஸ்காவை 21-17 என்று திணறித்தான் ஜெயித்தார்கள், சிம்மன்ஸ் இடத்தில் வந்தவரும் காயப்பட்டார். வேறு வழியில்லாமல் பக்கத்து இடத்தில் ஆடிக்கொண்டிருந்த டோனவன் ஜாக்சனை லெஃப்ட் டாக்கிளாக நகர்த்தினார்கள். பென் ஸ்டேட்டின் மைதானத்தில், லட்சம் பேர் கத்தலுக்கு நடுவே, கடைசி ஐந்து நிமிடத்தையும் பந்தை எறியாமல் ஓடியே தீர்த்து 20-13 என்று முடித்தார்கள். எதிரணிக்குப் பந்து திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்த ஐந்து நிமிடத்தை இரண்டு முறை பாருங்கள், ஜனவரியில் நடந்ததெல்லாம் அப்போதுதான் புரியும். இண்டியானா ஆட்டத்துக்கு முன் பயிற்சியில் அந்த முன்வரிசையின் நடு ஆட்டக்காரரும் காயமடைந்தார், மறுபடி வரிசையை மாற்றினார்கள். அதுவரை தோற்காத இண்டியானா 38-15 என்று வீழ்ந்தது.

மிச்சிகன் ஆட்டத்தை மட்டும் மற்ற கணக்குகளோடு சேர்க்காதீர்கள். அது ஓஹாயோ மாநிலத்துக்கே தனி ஆண்டுவிழா. 2024-இல் மிச்சிகன் 6 வெற்றி, 5 தோல்வியோடு வந்து, ஓஹாயோ ஸ்டேட்டின் சொந்த ஊரான கொலம்பஸில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முன்னால் 13-10 என்று ஜெயித்துப் போனது. தொடர்ந்து நான்காவது ஆண்டு! பயிற்சியாளர் ரையன் டேயை நீக்கச் சொல்லிக் குரல்கள் எழுந்தன, கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டமும் கைநழுவியது. பழைய முறையில், நான்கு அணிகள் மட்டும் பிளேஆஃபுக்கு (தேசியப் பட்டத்துக்கான நாக்அவுட் சுற்றுக்கு) போகும் காலத்தில், சீசன் அநேகமாக அன்றே முடிந்திருக்கும். 2024-இல்தான் முதல்முறையாக 12 அணிகள். யாருக்கு இடம் என்று 13 பேர் கொண்ட தேர்வுக்குழு முடிவு செய்கிறது, வெறும் வெற்றி தோல்வி எண்ணிக்கையை மட்டும் அது பார்ப்பதில்லை. ஓஹாயோ ஸ்டேட்டுக்கு 8-ஆம் இடம் கிடைத்தது.

பிளேஆஃப் ஆட்டங்கள் நான்கையும் ஒரு நிமிடம் விடாமல் பாருங்கள். டிசம்பர் 21 டென்னசியை 42-17. ஜனவரி 1 அன்று அதே ஒரேகானை, முதல் பாதியிலேயே 34-0 என்று ஓடி, 41-21. டெக்சாஸுடன் 21-14 என்று இருந்தபோது எதிரணி கோல் கோட்டின் வாசலிலேயே நின்றது. நான்காவது டவுனில் ஜாக் சாயர் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தைத் தட்டி, தானே எடுத்து 83 யார்டு ஓடினார். எனக்கு இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது. இறுதி ஆட்டம் ஜனவரி 20, அட்லாண்டா, எதிரே நோட்டர் டேம்: 31-7 என்று இருந்தது 31-23 ஆகி வயிற்றைக் கலக்க, மூன்றாவது டவுனில் 11 யார்டு தேவை, ஹவர்ட் தூக்கி எறிந்தார், ஸ்மித் பிடித்தார், 56 யார்டு. 34-23.

முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அந்த அணியிலிருந்து 14 பேரை ஏப்ரலில் தொழில்முறை லீகான என்எஃப்எல் எடுத்துக்கொண்டது, ஹவர்டும் போனார், சாயரும் போனார். அடுத்த சீசனின் முதல் ஆட்டம் 2025 ஆகஸ்ட் 30, கொலம்பஸில், அதே டெக்சாஸ், ஓஹாயோ ஸ்டேட் 14-7 என்று ஜெயித்தது. அதிலிருந்து தொடங்குங்கள், முதலில் லெஃப்ட் டாக்கிளில் யார் நிற்கிறார் என்று பாருங்கள்.