பியானோ: முதல் கிளாஸிலிருந்து முதல் கிரேடு வரை

வாரத்துக்கு ஒரு கிளாஸ், அரை மணி நேரம். தனி ஆசிரியரிடம் பியானோ கற்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுதான் கணக்கு. அந்த அரை மணியில் மிஸ் வழி காட்டுவார். விரல் பழகுவது மீதி ஆறு நாளும் வீட்டில்தான். அதனால் முதலில் வீட்டைத் தயார் செய்யுங்கள்.

வாத்தியமும் உட்காரும் விதமும்

61 கட்டை கீபோர்டில் மூன்று நான்கு மாதம் ஓட்டலாம், அதற்குமேல் வேண்டாம். அதன் கட்டைகள் லேசாகத் தொட்டாலே ஒலிக்கும். அதில் பழகிய விரல் நிஜ பியானோவில் பாதிச் சுரங்களை எழுப்பாமலே நழுவிவிடும். 88 கட்டையும் வெயிட்டட் கீயும் (நிஜ பியானோ போல் கனமாக அழுந்தும் கட்டை) உள்ள டிஜிட்டல் பியானோ போதும். சென்னை மாதிரி கடலோர ஊரில் மரப் பியானோ வாங்கினால் ஈரக்காற்றில் மரம் ஊதும், அமுங்கிய கட்டை எழாமல் நிற்கும், கம்பி துருப்பிடிக்கும். ஆண்டுக்கு இரண்டு ட்யூனிங்காவது செய்ய முடியாதென்றால் டிஜிட்டலே மேல்.

இருக்கையின் முன்பாதியில் உட்கார வேண்டும். முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வரட்டும். கால் எட்டாத பிள்ளைக்கு மணை போடுங்கள். கால் தொங்கினால் உடம்பு முன்னே சரியும், பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும்.

ஆசிரியரிடம் கேட்க வேண்டியது

"ஒரு வருஷத்தில் எத்தனை பீஸ் சொல்லித் தருவீர்கள்?" என்று கேளுங்கள். பரீட்சைக்கான மூன்று மட்டும்தான் என்றால் வேறு ஆசிரியரைப் பாருங்கள். மூன்று பாட்டை ஒரு வருடம் அரைத்த பிள்ளை சர்டிபிகேட் வாங்கிவிடும், ஆனால் நான்காவது பாட்டை நோட்டேஷன் பார்த்துத் தானாக வாசிக்கத் திணறும். இது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஆரம்ப வருடத்தில் சின்னச் சின்னதாகப் பதினைந்து, இருபது பீஸாவது கையில் புரள வேண்டும்.

தினமும் இருபது நிமிடம்

ஸ்கேலுக்கு (சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது) ஐந்து நிமிடம், பீஸுக்குப் பத்து, இதுவரை பார்க்காத ஒரு வரியை வாசிக்க ஐந்து. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்த்து வாசிப்பது இதற்கு ஈடாகாது.

சி-டி-ஈ-எஃப்-ஜி-ஏ-பி-சி என்று ஏறும் சி மேஜர் ஸ்கேலையே எடுத்துக்கொள்வோம். கட்டைவிரலை 1, சுண்டுவிரலை 5 என்று எண்ணுவது வழக்கம். வலது கை ஏறும்போது 1-2-3, 1-2-3-4-5. எல்லோரும் தடுக்குவது நான்காவது சுரமான எஃப்பில். மூன்றாம் விரல் ஈ-யை அழுத்தும்வரை கட்டைவிரல் சும்மா இருந்துவிட்டு, பிறகு அவசரமாகப் பாயும். அதனால் முழங்கை வெளியே தூக்கும், எஃப் மட்டும் 'டங்'கென்று அடிக்கும். இரண்டாம் விரல் டி-யைத் தொட்டதுமே கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நகரத் தொடங்க வேண்டும். ஈ ஒலிக்கும்போது அது எஃப்பின் மேல் காத்திருக்கும். சி-டி-ஈ-எஃப், திரும்ப எஃப்-ஈ-டி-சி. இதை மட்டும் பத்து முறை, எஃப்பை மற்ற சுரங்களைவிடச் சன்னமாக ஒலிக்கவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

இடது கை ஏறும் வரிசை 5-4-3-2-1, 3-2-1. இதில் கட்டைவிரல் ஜி-யில் விழுகிறது, வலது கையிலோ எஃப்பில். இரு கையும் சேர்ந்தால் குழம்புவது இதனால்தான். அதனால் முதலில் நடு சி-யில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து, கைகளை எதிரெதிர்த் திசையில் விரியவிடுங்கள். இரு கையிலும் ஒரே விரல்தான் வரும், பயம் தெளியும்.

பீஸில் பிழை வந்தால் முதலிலிருந்து தொடங்காதீர்கள். அப்படியே பழகினால் முதல் வரி மட்டும் பளபளக்கும், கடைசி வரி தள்ளாடும். தடுக்கல் பெரும்பாலும் இரண்டு பார்களின் (நோட்டேஷனில் செங்குத்துக் கோடுகளுக்கு இடையிலுள்ள பகுதி) இணைப்பில் இருக்கும். முந்தைய பாரின் கடைசித் தட்டையும் அடுத்த பாரின் முதல் தட்டையும் மட்டும் எடுத்து, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஐந்து முறை வாசித்தால் பிடிபட்டுவிடும்.

பரீட்சை

நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது ட்ரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற இரண்டு பிரிட்டிஷ் அமைப்புகள் படிப்படியாக, கிரேடு கிரேடாக நடத்தும் தேர்வுகள். ஏபிஆர்எஸ்எம்மில் 150-க்கு 100 எடுத்தால் பாஸ். அதில் ஆறாம் கிரேடுக்குப் போகும் முன் ஐந்தாம் கிரேடு தியரியோ (இசை இலக்கணத் தேர்வு) அதற்கு இணையான ஒன்றோ முடித்திருக்க வேண்டும் என்பதை இப்போதே மனதில் வையுங்கள்.

ட்ரினிட்டியின் நேரடித் தேர்வில் மொத்தம் 100. மூன்று பீஸுக்குத் தலா 22, ஸ்கேலும் பயிற்சிகளும் 14, துணைத் தேர்வு இரண்டுக்குத் தலா 10. 60 பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். ஒரு பீஸின் 22-ஐப் பிரித்துப் பாருங்கள்: சுரம் பிசகாத சீரான ஓட்டத்துக்கு 7, கைத்திறனுக்கு 7, பாட்டின் உணர்வைக் கேட்பவருக்குக் கடத்துவதற்கு 8. தப்பில்லாமல் வாசித்தும் மார்க் குறைந்தது ஏன் என்று பல பெற்றோர் தவிப்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

ஆரம்பக் கிரேடுகளில் துணைத் தேர்வாக சைட் ரீடிங் (பார்க்காத வரியை வாசிப்பது), ஆரல் (கேட்டுப் பதில் சொல்வது), இம்ப்ரொவைசேஷன் (அங்கேயே கற்பனையாக வாசிப்பது), இசை அறிவு நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவை சுலபம் என்று சைட் ரீடிங்கை வருடா வருடம் தவிர்த்தால் மேல் கிரேடில் வட்டியோடு கட்ட வேண்டிவரும். ஒரிஜினல் புத்தகத்தைக் கையில் கொண்டுபோங்கள், ஜெராக்ஸ் செல்லாது.

மாணவர் கச்சேரி

பரீட்சைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு கச்சேரி அமைந்தால் நல்லது. பழக்கமில்லாத பியானோ, பழக்கமில்லாத இருக்கை இரண்டும் அங்கேயே பழகிவிடும். மனப்பாடமாக வாசிப்பதானால், எங்கே விட்டாலும் தாவிப் பிடிக்க மூன்று நான்கு இடங்களைப் பென்சிலால் குறித்து, அங்கிருந்து தொடங்கிப் பழக்குங்கள்.

மேடையில் முதலில் இருக்கையின் உயரம் சரி பார்க்கட்டும். கையை மடியில் வைத்து முதல் இரண்டு பாரை மனதுக்குள் பாடிவிட்டுத் தொடங்கட்டும். பதற்றத்தில் எல்லாப் பிள்ளைகளும் வேகமாகத்தான் கிளம்பும். தவறினால் நிற்கவோ அம்மாவைத் திரும்பிப் பார்க்கவோ கூடாது. கடைசிச் சுரத்தை அதன் முழு அளவுக்கும் பிடித்து, ஒலி அடங்கியபின் கையை மடிக்குக் கொண்டுவந்து, பிறகுதான் எழுந்து வணங்க வேண்டும்.