டிரையர் இரண்டாவது சுற்று கேட்கிறதா? நாம் செய்யும் தவறுகள்

மொட்டை மாடிக் கொடியில் அரை நாளில் துணி காய்ந்துவிடும் ஊரிலிருந்து அமெரிக்கா வந்த நமக்கு, டிரையர் என்பது சுவரோரம் நிற்கும் வெள்ளைப் பெட்டி. துணியைப் போடு, பொத்தானை அழுத்து, ஒரு மணி நேரத்தில் எடு. அதன் முதுகிலிருந்து சுவருக்குள் போகும் குழாயை யாரும் காட்டித் தருவதில்லை. எங்களுக்கு வீட்டை விற்றவரும் காட்டவில்லை, மெஷினைக் கொண்டுவந்து இறக்கியவரும் காட்டவில்லை.

ஆறு வருடம் அப்படியே ஓடியது. பிறகு ஜீன்ஸுக்கு ஒரு சுற்று போதாமல் போயிற்று. அடுத்து துண்டுகளுக்கும். "மெஷினுக்கு வயசாயிடுச்சுங்க, மாத்திடலாம்" என்றாள் மனைவி. நானும் புது மெஷின் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அளவெடுக்கலாமென்று பெட்டியை முன்னால் இழுத்தபோதுதான் பின்னால் இருந்த வெள்ளிக் காகிதக் குழாய் கண்ணில் பட்டது. சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே நசுங்கி, அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடந்தது. கழற்றி உதறினேன். கம்பளித் துண்டு மாதிரி கெட்டியாக ஒரு பஞ்சுப் படலம் விழுந்தது. பிய்த்துப் பார்த்தால் அடுக்கடுக்காகச் சாம்பல் நிறம், நடுவில் மெரூனில் ஒரு கோடு. எந்தத் தீபாவளிக்கு வாங்கிய போர்வையின் சாயம் அது என்றுகூட மனைவி சொல்லிவிட்டாள்.

துணி காயவில்லையே என்று இரண்டாவது சுற்று ஓட்டினோமே, அதுதான் முதல் தவறு. மெஷின் சொல்ல வந்ததைக் கேட்காமல் இன்னும் கொஞ்சம் சூடாக்கினோம்.

டிரையருக்குச் சூடு எவ்வளவு முக்கியமோ காற்று அதைவிட முக்கியம். மின்சார டிரையரின் ஹீட்டர் சுமார் 5 கிலோவாட் இழுக்கும். நம்ம ஊர் கீசர் இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி. அந்தச் சூட்டையும் துணியிலிருந்து எழும் நீராவியையும் ஒரு விசிறி 4 அங்குலக் குழாய் வழியாக வெளியே தள்ள வேண்டும். குழாய் அடைத்தால் காற்று மந்தமாகும், ஈரம் உள்ளேயே சுற்றும், ஹீட்டரைச் சுற்றிச் சூடு தேங்கும். துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்க மெஷினில் ஒரு சல்லடை இருக்கும்; அதற்குத் தப்பிய பஞ்சு மெஷினின் வயிற்றுக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. விளக்குக்குத் திரி திரிக்கிறோமே, கிட்டத்தட்ட அதே பஞ்சுதான். இங்கே கேம்ப்பிங் போகிறவர்கள் டிரையர் பஞ்சைச் சேர்த்து வைத்து அடுப்பு பற்றவைக்கிறார்கள். ஹீட்டர் பக்கத்தில் ஒரு துணுக்கு கனன்றால் போதும், விசிறியே அதைத் துணி சுழலும் டிரம்முக்குள் இழுத்து, அங்கிருந்து பஞ்சு நிறைந்த குழாய்க்குள் தள்ளிவிடும்.

அமெரிக்க அரசின் தீத்தடுப்பு அமைப்பு 2008 முதல் 2010 வரையிலான கணக்கை எடுத்தபோது, வீடுகளில் வருடத்துக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள், 5 சாவு, 100 பேருக்குக் காயம், 3.5 கோடி டாலர் சேதம் என்று மதிப்பிட்டது. காரணங்களில் முதலிடம், சுத்தம் செய்யாமல் விட்டது: 34 சதவீதம். விபத்துகள் உச்சம் தொடுவது ஜனவரியில்.

"நான்தான் ஒவ்வொரு தடவையும் சல்லடையைச் சுத்தம் செய்கிறேனே" என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். சல்லடை எல்லாப் பஞ்சையும் பிடிப்பதில்லை. வாசனைக்காகப் போடும் டிரையர் ஷீட் வேறு அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலத்தைப் பூசிவிடும். சல்லடையைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இறங்காமல் மேலேயே நின்றால் காற்றும் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். வெந்நீர், பாத்திர சோப், பழைய டூத்பிரஷ். ஐந்து நிமிட வேலை.

குழாய் விஷயத்துக்கு வருவோம், சங்கதி அங்கேதான் இருக்கிறது. வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள், அது எரியும். வெள்ளிக் காகிதக் குழாய் சுலபமாக நசுங்கும், அதன் மடிப்பு ஒவ்வொன்றிலும் பஞ்சு தங்கும். உள்ளே வழுவழுப்பான தகரக் குழாய்தான் சரி. அதை இணைக்க நீள ஸ்க்ரூ போடாதீர்கள்; உள்ளே நீட்டும் முனை முள்வேலி மாதிரி பஞ்சைப் பிடித்து வைக்கும். துணி டேப் சூட்டில் பிசின் விட்டுப்போகும், அலுமினிய டேப் ஒட்டுங்கள். வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதிப்படி குழாயின் நீளம் பொதுவாக 35 அடிக்குள். சாதாரண 90 டிகிரி வளைவு ஒவ்வொன்றுக்கும் அதில் 5 அடி கழியும். மாடியில், வீட்டின் நடுவில் லாண்டரி அறை வைத்த டவுன்ஹவுஸ்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வெளிச்சுவரில் குழாயின் வாய் இருக்கும். அதில் குருவி கூடு கட்டுகிறதே என்று கொசுவலை அடிப்பது நம்மவர்களின் கைவேலை. நல்ல எண்ணம்தான், ஆனால் இரண்டு மாதத்தில் அந்த வலை பஞ்சால் மெத்தையாகிவிடும். விதியும் அங்கே வலை கூடாது என்கிறது. காற்று வந்தால் திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் மூடி போதும். மெஷின் ஓடும்போது வெளியே போய் நின்று பாருங்கள். மூடி நன்றாகத் தூக்கியிருக்க வேண்டும், உள்ளங்கையில் வெதுவெதுப்பாகக் காற்று அடிக்க வேண்டும். பனிக்காலத்தில் அந்த வாய் பனியில் புதையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிருக்கு இதமாக இருக்கட்டுமென்று அந்தக் காற்றை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடுகிறவர்களும் உண்டு. சுவரில் பூசணம் பிடிக்கும். கேஸ் டிரையராக இருந்தால் கார்பன் மோனாக்சைடு, ஆளையே கொல்லும்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு ஆபத்து உண்டு: எண்ணெய்த் துணி. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடித்துத் தலை துவட்டிய துண்டு, வடை சுட்டுக் கை துடைத்த துணி, விளக்கு துடைத்த துணி எல்லாம் ஒரே லோடில் போகும். குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை துவைத்தால் எண்ணெய் முழுதாகப் போகாது. மிச்சமிருப்பது டிரையரில் சூடேறி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தானாகவே வெப்பம் உண்டாக்கும். அந்தத் துணியைச் சூடாக எடுத்து மடித்து அடுக்கினால், அந்த வெப்பம் போக வழியில்லாமல் அடுக்குக்குள்ளேயே ஏறிக்கொண்டு போய், மெஷின் நின்று சில மணி நேரம் கழித்துக்கூடப் பற்றலாம். மர பாலிஷுக்குப் போடும் ஆளிவிதை எண்ணெய் இதில் மோசம். நல்லெண்ணெய் அவ்வளவு இல்லை, தேங்காயெண்ணெய் அதைவிடக் குறைவு. இருந்தாலும் எண்ணெய் பட்ட துணி எதையும் போடாதே என்றுதான் மெஷினோடு வரும் கையேடு சொல்கிறது. வெந்நீரில் இரண்டு முறை துவைத்து ஸ்டாண்டில் உலர்த்துங்கள். மற்ற துணிகளுக்கும் கடைசிப் பத்து நிமிடம் ஆறவிடும் நேரத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

திடீரென்று மெஷின் சூடே ஆகவில்லை என்றால், உள்ளே இருக்கும் வெப்ப ஃபியூஸ், அதாவது சூடு அளவு மீறினால் அறுந்து ஹீட்டரை நிறுத்தும் துண்டு, போயிருக்கலாம். அதை ஒரு கம்பியால் தாண்டிவிடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. சில டாலர் பெறும் அந்தச் சின்னத் துண்டு தன்னைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது. புதிது போடும் முன் அது ஏன் போனது என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் குழாய் அடைப்பாகத்தான் இருக்கும்.

சுத்தம் செய்வதிலும் தவறு உண்டு. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கேஸ் என்றால் வால்வை மூடிவிட்டு மெதுவாக நகர்த்துங்கள், லைன் இழுபடக் கூடாது, கைவராது என்று தோன்றினால் ஆளைக் கூப்பிடுங்கள். டிரில்லில் மாட்டும் நீளப் பிரஷ் கடையில் கிடைக்கும். அதன் கம்பிகள் ஒன்றோடொன்று திருகி இணைவதால் டிரில்லை வலப்பக்கம் மட்டுமே சுற்ற வேண்டும். நான் அவசரத்தில் ரிவர்ஸில் அழுத்தினேன், பிரஷ் கழன்று சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது. அதை எடுக்க வந்தவருக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு பிரஷ் வாங்கியிருக்கலாம்.

வருடத்துக்கு ஒருமுறை போதும். குழாய் நீளமாக இருந்தால், வீட்டில் நாய் இருந்தால், வாரம் பத்து லோடு போட்டால் இரண்டு முறை. வாடகை வீடு என்றால் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று வீட்டுக்காரருக்கு ஈமெயிலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும்.

தூங்கப் போகும்போதும் வெளியே கிளம்பும்போதும் டிரையரை ஓட்டிவிட்டுப் போகாதீர்கள். கருகல் வாடையோ புகையோ வந்தால் டிரையர் கதவைத் திறந்து பார்க்கவும் கூடாது. திறந்தால் உள்ளே காற்று போய்த் தீ வளரும். கதவு மூடியபடியே இருக்கட்டும். எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து 911-ஐக் கூப்பிடுங்கள்.