மழைக்கும் மலைக்கும் உடுப்பு வாங்குறப்ப நம்ம பக்கம் பண்ற தப்புகள்

நம்ம நெல்லைப் பக்கம் மழையில வெளிய நிக்கிற ஆளுங்க உடுப்பு வாங்குறதுல தான் காசு ரொம்ப வீணாப் போகுது, வருசா வருசம் பாத்துட்டே இருக்கேன், அதான் எழுதுதேன். பைக்குல ஆபிஸ் போற மழைய சொல்லல. களக்காடு, திருக்குறுங்குடி, பாபநாசம், கடையம் அடிவாரத்துல வாழைக்கும் நெல்லுக்கும் ராத்திரி பன்னிக்காவல் இருக்காவல்லா அவங்க, ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து அய்யனார் கோவில்ல கூடாரம் போட்டு தங்குறவங்க, வயக்காட்டுல நாத்து நடுறவங்க, மாஞ்சோலை பக்கம் வேலையா நடக்குறவங்க, இவங்களுக்கு எல்லாம் உடுப்புங்கிறது அலங்காரம் இல்ல, மறுநாள் காய்ச்சல்ல படுக்காம எந்திரிக்கணும்னா அது தான் வேணும்.

முதல் தப்பு தேடுறதுலயே ஆரம்பிக்குது. கரடுமுரடா உழைக்கிற டிரஸ் வேணும்னு ஆன்லைன்ல தேடுனா ஹண்டிங் ஜாக்கெட், ஹண்டிங் பேண்ட்டுன்னு தான் வந்து நிக்கும், படமும் ஜோரா இருக்கும், பச்சையும் பிரவுனுமா இலை போட்டு. நம்ம ஊர்ல 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி வேட்டைங்கிறது குற்றம், அத யாரும் மனசுல கூட நினைக்க வேண்டாம், ஆனா உடுப்பு மட்டும் அந்தப் பேர்ல இங்கயும் விக்குது. அது யாருக்கு தைச்சது? பனி விழுற நாட்டுல மான் வரும்னு விடியக்காலையில இருந்து அசையாம உக்காந்து கிடக்குறவனுக்கு தைச்சது. உள்ள பஞ்சு மாதிரி பேடிங், அதுக்கு மேல கனமான துணி. நம்ம கீழ்நாட்டுல ஐப்பசி கார்த்திகை மழை ராத்திரியில கூட 20 டிகிரிக்கு கீழ இறங்குறது அபூர்வம். அதப் போட்டுட்டு வரப்புல ரெண்டு சுத்து நடந்தா போதும், மேல மழை நனைக்கிறதுக்கு முன்னாடி உள்ள வேர்வை நனைச்சிரும். சரி மலைக்கு வேணும்லான்னு கேப்பீங்க. ஆயிரம் மீட்டர் ஏறுனா ஆறு டிகிரி கிட்ட குறையும், மாஞ்சோலைக்கு மேல இருக்கிற நாலுமுக்கு, ஊத்து பக்கம் அதோட காத்தும் சேரும், குளிரு நெசம் தான், ஆனா நடக்குற ஆளுக்கு அந்தப் பேடிங் வேண்டவே வேண்டாம், மெல்லிசா ஒரு ஃப்ளீஸ், அதான் கம்பளி மாதிரி மெத்துன்னு இருக்கிற பாலியஸ்டர் மேல்சட்டை, பைக்குள்ள இருந்தா உக்காருறப்ப எடுத்துப் போட்டுக்கலாம்.

இலை டிசைன்ல இன்னொரு விசயம். ராணுவ உடுப்பு மாதிரியே இருக்கிற டிசைன வாங்காதீங்க. கெத்தா இருக்குன்னு சின்னப் பயலுவ வாங்குதாவ. ராணுவக்காரன்னு அடுத்தவன நம்ப வைக்க அந்த உடுப்பப் போடுறது சட்டப்படி குற்றம், அந்த எண்ணமே இல்லாட்டியும் மணிமுத்தாறு செக்போஸ்ட்லயோ பாபநாசம் செக்போஸ்ட்லயோ அதோட போய் நின்னா தேவையில்லாத கேள்வி பத்து வரும். காட்டுல கண்ண உறுத்தாத நெறம் போதும், காக்கி, மங்குன பச்சை, மண்ணு கலர். மானு, மிளாவுக்கெல்லாம் (மிளான்னா கடமான்) நம்மள மாதிரி சிவப்பும் ஆரஞ்சும் பிரிச்சுத் தெரியாது, நீலம் நல்லாவே தெரியும், அதனால ஜீன்ஸ் போட்டுட்டு போய் மிளாவப் பாக்கணும்னு நினைச்சா அது உங்கள முதல்ல பாத்துரும். ஆனா ராத்திரி காவலுக்கு நிக்கிறவங்க மங்குன நெறம் மட்டும் போட்டா ஆபத்து. பக்கத்து வயல் ஆளுக்கும் ரோட்டுல வர்ற வண்டிக்கும் நீங்க இருக்கிறதே தெரியாது. முதுகுலயும் கையிலயும் வெளிச்சம் பட்டா மின்னுற பட்டை ஒண்ணு ஒட்டுங்க, டூவீலர் சாமான் கடையில கொஞ்ச காசுக்கு கிடைக்கும்.

ஜீன்ஸ் பத்தி சொல்லிட்டேன்லா, அதையே முழுசா சொல்லிருதேன். நம்ம ஆளுங்களுக்கு ஜீன்ஸ்னா ஸ்ட்ராங்குன்னு ஒரு நம்பிக்கை. காஞ்சு இருக்கிற வரைக்கும் ஸ்ட்ராங் தான். நனைஞ்சா கனம் ஏறி, தொடையில ஒட்டி, கவட்டையில உரசி புண்ணாக்கிரும், அடைமழை நேரத்துல ரெண்டு நாள் தொங்கப் போட்டாலும் காயாது. பருத்தி தண்ணிய உறிஞ்சி இழைக்குள்ளயே பிடிச்சு வச்சுக்கிடும், பாலியஸ்டர் இழை அப்படி பிடிக்காது, அதான் காத்துல நின்னாலே காயுது. வெயிலுக்கு பருத்திய மிஞ்சி ஒண்ணும் கிடையாது, தைமாசம் கூந்தன்குளத்துல பறவை பாக்க நிக்கிறவங்களுக்கு பருத்தி முழுக்கை சட்டை தான் நல்லது. மழைக்கும் காத்துக்கும் நடுவுல மலையில நனைஞ்ச பருத்தி பனியனோட நின்னா தான் நடுக்கம் எடுக்கும். உள்ள போட திருப்பூர் பாலியஸ்டர் ஜெர்சி போதும், பயலுவ ஃபுட்பால் விளையாட போடுறானுவல்லா அதே தான், விலையும் கம்மி, பிழிஞ்சு உதறிப் போட்டா கொஞ்ச நேரத்துல காஞ்சிரும்.

பேண்ட்டுக்கு ரெடிமேட் பின்னாடி ஓடாதீங்க, இது நான் அடிச்சு சொல்லுதேன். யூனிபார்ம் துணி விக்கிற கடையில காக்கி டெரிகாட்டன் கேளுங்க, பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணி, டவுண் ரத வீதியிலயோ பாளையங்கோட்டையிலயோ கிடைக்காம இருக்காது. வாங்கி உங்க தெரு டெய்லர்ட்ட குடுத்து, கவட்டையில ரெட்டைத் தையல், முழங்காலுக்கும் உக்காருற இடத்துக்கும் உள்பக்கமா ஒரு துண்டு வச்சு தைக்க சொல்லுங்க, இடுப்பு அளவு சரியா எடுத்துட்டு தொடையில மட்டும் கொஞ்சம் லூசு விடச் சொல்லுங்க, வரப்பு தாண்டுறப்பயும் பாறை ஏறுறப்பயும் காலு எவ்வளவு விரியும்னு அவருட்ட நின்னு காமிச்சே குடுங்க. பேண்ட்டு எங்க கிழியுதுன்னு பாத்தீங்கன்னா துணி கிழியுறது இல்ல, தையல் தான் விடும், அதுவும் கவட்டையில தான் விடும். பாக்கெட்டு ஓரத்துல நெருக்கமா குறுக்குத் தையல் போட்டு முடிச்சிருக்கான்னு பாத்துக்கிடுங்க. இப்படி தைச்ச பேண்ட்டு முள்ளுல இழுத்தாலும் வருசக் கணக்குல வரும்.

அடுத்து ரெயின்கோட். இங்க தான் பெரிய ஏமாத்து. கடையில "அண்ணாச்சி, ஃபுல் வாட்டர்ப்ரூஃப், ஒரு சொட்டு உள்ள போவாது"ன்னு சொல்லுவாவ, அவங்க சொல்றதும் துணியப் பொறுத்த வரைக்கும் பொய் இல்ல. தண்ணி பெரும்பாலும் துணி வழியா வர்றது இல்ல, தையல் ஓட்டை வழியா வரும். கோட்ட வாங்கி அப்படியே உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்புங்க. தோள்பட்டைத் தையலப் பாருங்க. தையல் மேல விரல் அகலத்துக்கு பளபளன்னு ஒரு டேப்பு நீளமா ஒட்டியிருக்கணும், சுருக்கம் இல்லாம, ஓரம் தூக்காம. நகத்தால அந்த ஓரத்த லேசா நிமிண்டிப் பாருங்க, உரிஞ்சு வந்தா வாங்காதீங்க. டேப்பே இல்லாம வெறும் நூலு தெரிஞ்சா அது தூறலுக்கு தான் ஆகும். அக்குள், தொப்பி சேருற கழுத்து, பேண்ட்டுல கவட்டை, இந்த மூணு இடத்துல டேப்பு போடாம விட்டிருப்பாவ, அங்கயும் கண்டிப்பா பாருங்க. ஜிப்புக்கு மேல மூடுற மடிப்பு வேணும், அதுல ஒட்டுற வெல்க்ரோவோ பொத்தானோ இருக்கணும், இல்லன்னா எதிர்க்காத்துல தண்ணி நேரா நெஞ்சுல இறங்கும்.

லேபிள்ல 3000, 5000, 10000னு மில்லிமீட்டர் கணக்கு போட்டிருப்பாவ. துணி மேல அவ்வளவு உயரத்துக்கு தண்ணி நிறுத்துனாலும் கசியாதுன்னு அர்த்தம். 1500 ரெண்டாயிரம்னா சாரலுக்கு போதும், ஐப்பசி அடைமழையில பை மாட்டி நடக்கணும், ஈரத்துல உக்காரணும்னா அஞ்சாயிரத்துக்கு கொறைஞ்சு வாங்காதீங்க, ஏன்னா பை வாரு தோள அழுத்துற இடத்துலயும் உக்காருற இடத்துலயும் தண்ணிக்கு அழுத்தம் ஜாஸ்தி. அதுக்காக பெரிய நம்பருக்கு மட்டும் காசக் கொட்டவும் வேண்டாம், டேப்பு சரியில்லாத பத்தாயிரத்தை விட டேப்பு ஒழுங்கா ஒட்டுன அஞ்சாயிரம் மேல். அக்குளுக்கு கீழ காத்து போக ஜிப்போ வலையோ இருந்தா அதுக்கு கூட நூறு எறநூறு குடுக்கலாம், தப்பே இல்ல, வேர்வை வெளிய போக வழி இல்லாத கோட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல யாரும் போட மாட்டாவ.

மழையிலயும் ரெண்டு மழை இருக்குல்லா, அத யோசிக்காம வாங்குறதும் தப்பு தான். ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவா வழியா வர்றது காத்தோட கலந்த சாரல், பக்கவாட்டுல அடிக்கும், அதுக்கு போஞ்சோ, அதான் தலை வழியா மாட்டுற கை இல்லாத போர்வை மாதிரி மழைக்கோட்டு, வாங்குனா பாய்மரம் மாதிரி தூக்கி முகத்துல அடிக்கும், குடையும் திரும்பிக்கிடும். அதுக்கு உடம்போட ஒட்டுன கோட்டு, கையில இறுக்குற பட்டை, தொப்பியில இழுக்குற கயிறு வேணும். ஐப்பசி கார்த்திகை மழை காத்து இல்லாத நேரத்துல நேரா கொட்டும், அப்ப வயக்காட்டுல நிக்கிற ஆளுக்கு போஞ்சோ அருமை, பையும் சேத்து மூடும், உள்ள காத்தும் ஓடும். முன்னாடி சாக்க மடிச்சு கொங்காணி போட்டுட்டு வேலை பாத்தாவல்லா, தலையும் முதுகும் மூடி கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கும், குனிஞ்சு செய்யுற வேலைக்கு அது நல்ல அமைப்பு, போஞ்சோவ அதே மாதிரி இடுப்புல ஒரு கயிறு போட்டு கட்டிக்கிடலாம். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த மாதிரி மழைக்கு எந்தக் கோட்டும் காணாது, அன்னைக்கு வாழை போனாலும் பரவாயில்லன்னு வீட்டுல தான் இருக்கணும்.

அம்பது ரூபாய்க்கு விக்கிற யூஸ் அண்ட் த்ரோ பிளாஸ்டிக் கோட்டு மலைக்கு வேண்டவே வேண்டாம். முதல் முள்ளுலயே கிழியும், கிழிஞ்சத அங்கனயே போட்டுட்டு வந்துருவாவ, மிளா அதத் தின்னா அதுக்கு சாவு தான்.

இப்ப காலு. எல்லாரும் கோட்டுக்கு செலவு பண்ணிட்டு மிச்சக் காசுல செருப்பு வாங்குதாவ, அது தலைகீழ். கையில காசு கம்மியா இருந்தா முதல்ல காலுக்கு செலவு பண்ணுங்க. தண்ணி தேங்கி நிக்கிற வயல்ல கால்ல கீறலோட வெறுங்காலா நின்னா எலிக்காய்ச்சல் கிருமி உள்ள போக வழி, ராத்திரி வரப்புல கண்ணாடி விரியன் கிடந்தா கடி விழுறது முக்காவாசி பாதத்துலயும் கணுக்கால்லயும் தான். அதுக்கு முழங்கால் வரைக்கும் வர்ற கம்பூட் தான் சரி, ஹார்டுவேர் கடையில, உரக்கடையில கிடைக்கும். வாங்குறப்ப கனமான சாக்ஸோட போட்டுப் பாருங்க, வெறுங்கால்ல அளவு பாத்து வாங்கிட்டு அப்புறம் குதிகால்ல கொப்புளம்னு நிக்கிறாவ.

அதே கம்பூட்ட மாட்டிட்டு மலையில ஓடையத் தாண்டாதீங்க. மேல வழியா தண்ணி புகுந்துச்சுன்னா ரெண்டு காலும் கல்லக் கட்டுன மாதிரி ஆயிரும், வழுக்குப் பாறையில அது உயிருக்கே ஆபத்து. மலைக்கு கேன்வாஸ் ஜங்கிள் பூட் போதும், நனையும், ஆனா தண்ணி வெளிய போயிரும், வெரசா காயும், அடியில ரப்பர் பல்லு ஆழமா இருக்கான்னு மட்டும் பாருங்க. லெதர் ஷூவ நம்ம மழைக்காலத்துல போட்டா பூசணம் பூத்து தையல் விட்டுப் போகும்.

அட்டைக்கு பயந்து ரெண்டு மூணு சாக்ஸ் போடுறதும் வேலைக்கு ஆகாது, சாக்ஸ் பின்னல் இடைவெளியில அது மெலிஞ்சு நுழைஞ்சிரும். நெருக்கமா நெய்த காடாத் துணியில முழங்கால் வரைக்கும் பை மாதிரி ஒரு ஜோடி தைச்சு, பேண்ட்ட உள்ள விட்டு மேல நாடா போட்டு கட்டிட்டு, அதுக்கு மேல ஷூவ மாட்டுங்க. அட்டை ஏறுறது வெள்ளைத் துணியில பளிச்சுன்னு தெரியும், தட்டி விட்டுரலாம். கடிச்சிருச்சுன்னா பதறி பிச்சு இழுக்காதீங்க, கடிச்ச வாயோரமா நகத்த சாய்ச்சு தள்ளி விடுங்க, ரத்தம் உறையாம இருக்க அது ஒரு சாறு விடும், அதனால கொஞ்ச நேரம் வடியத் தான் செய்யும், கழுவிட்டு துணிய அழுத்திக் கட்டுனா நின்னுரும்.

கடைசியா, வாங்குன பொருள நாமளே கெடுக்குறது. தை மாசம் மழை விட்டதும் ஈரக் கோட்ட அப்படியே சுருட்டி பைக் டிக்கியில போட்டுட்டு புரட்டாசியில எடுத்தா பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு உள்பூச்சு உதிரும். சித்திரை வெயில்ல டிக்கிக்குள்ள கொதிக்கிற சூடும் உள்ள தங்குன ஈரமும் சேந்து அந்தப் பூச்ச அரிச்சிருது, கம்பெனி மேல தப்பு இல்ல. துணி மென்மையாகணும்னு கடைசி அலசல்ல ஊத்துறோம்லா அந்த லிக்விட ரெயின்கோட்டுக்கு ஊத்தவே கூடாது, மேல தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுற தன்மை போயிரும். பச்சைத் தண்ணியில மண்ண அலசி, நிழல்ல ரெண்டு பக்கமும் காய வச்சு, மடிக்காம ஹேங்கர்ல தொங்க விடுங்க. டேப்பு ஓரம் எங்கயாவது தூக்கியிருந்தா புரட்டாசி கடைசிக்குள்ள பாத்து ஒட்டிருங்க, துணி நல்லா காஞ்சு இருக்கிறப்ப ஒட்டுனா தான் பிடிக்கும், மழை பிடிச்ச பிறகு எந்தப் பசையும் நிக்காது.