ஜூலையில் வலது, டிசம்பரில் இடது: ஊர் இறங்கும்போது ஜன்னலில் எதைத் தேடுவது?

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போது எத்தனை கிலோ கொண்டுபோகலாம், எங்கே விமானம் மாற வேண்டும், அங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். இருக்கை எந்தப் பக்கம் என்பதை மட்டும், கழிவறைக்கு எழுந்துபோக வசதியா என்ற ஒரே கேள்வியில் முடித்துவிடுகிறோம். பகலில் இறங்குகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைக் கேளுங்கள். மார்கழிக் கச்சேரிகளுக்கோ பொங்கலுக்கோ வருகிறவர்கள் இடப்பக்கம் கேளுங்கள். சென்னைக்கு மட்டுமல்ல, திருச்சி, மதுரை, கொழும்புக்கான கட்டுநாயக்கா எல்லாவற்றுக்கும் இதே விதி பொருந்துகிறது.

காரணம் காற்று. விமானம் இறங்குவதும் எழுவதும் எதிர்காற்றில்தான். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதையில் ஒரு முனைக்கு 07, மறுமுனைக்கு 25 என்று பெயர். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் விமானத்தின் மூக்கு நோக்கும் திசை கிடைக்கும். 70 பாகை ஏறக்குறைய கிழக்கு. 250 ஏறக்குறைய மேற்கு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விமானம் கடல் பக்கமிருந்து நகரத்தின் மேலாக வந்து, மேற்கு நோக்கி இறங்கும். வடகிழக்குப் பருவத்தில் தலைகீழாக, படப்பைப் பக்கமிருந்து கிழக்கு நோக்கி இறங்கும். யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்வதானால், சோளகத்தில் ஒரு வழி, வாடையில் மறுவழி. பார்க்கத் தக்கவை பெரும்பாலும் ஓடுபாதைக்கு வடக்கில் இருப்பதால் பருவத்தோடு பக்கமும் மாறுகிறது.

இது பொது விதிதான், உத்தரவாதம் அல்ல. வெயில் நாளில் பிற்பகல் கடற்காற்று எழுந்துவிட்டால் ஜூலையிலும் திசை மாறும். இறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே இருக்கைத் திரையின் வரைபடத்தைப் பாருங்கள். மேற்கிலிருந்து வரும் விமானம் சென்னையைத் தாண்டிக் கடலுக்குப் போகிறதென்றால் வளைந்து திரும்பி நகரத்தின் மேல் வரப்போகிறது என்று பொருள். வளைகுடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறவர்களுக்கு இது கூடுதல் லாபம்.

கடல் பக்கமிருந்து இறங்குவதே சென்னை தரும் சிறந்த காட்சி. சாந்தோம், பட்டினப்பாக்கம் அருகே கரையைக் கடக்கும்போது விமானத்தின் உயரம் சுமார் 500 மீட்டர், வேகம் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். அங்கிருந்து ஓடுபாதைக்கு ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர்தான். ஆக, கையில் இருப்பது சுமார் இரண்டரை நிமிடம். வரிசையை முன்பே மனத்தில் வைத்துக்கொள்ளாமல், ‘அது என்ன, இது என்ன’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் பரங்கிமலை வந்துவிடும்.

வலப்பக்க ஜன்னலில் முதலில் மெரினாவின் மணற்பட்டை வடக்கு நோக்கி நீளும். தென்கோடியில் சிவப்பும் வெள்ளையுமாகக் கலங்கரை விளக்கம். அதற்குத் தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கூம்பு. தொலைவில், வானம் தெளிவாக இருந்தால், துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களும் வெளியே நங்கூரமிட்ட கப்பல்களும். இவற்றில் மயங்கி நின்றுவிடாமல் கண்ணை உடனே அருகில் இழுக்க வேண்டும். மயிலாப்பூர் வந்திருக்கும். கபாலீசுவரர் கோயிலின் கோபுரத்தைத் தேடாதீர்கள். மேலிருந்து பார்க்கும்போது கோபுரம் உயரத்தை இழந்து, சுற்றியுள்ள மாடிகளோடு கலந்துவிடும். நடுவே நீராழி மண்டபத்தோடு சதுரமாகத் தெரியும் தெப்பக்குளத்தைப் பிடியுங்கள். கோபுரம் தானாக அருகில் அகப்படும். எந்தத் தமிழ் ஊரையும் வானிலிருந்து அடையாளம் காண எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்: முதலில் நீர், அடுத்து குன்று, கட்டடம் கடைசி. கட்டடங்கள் வருடா வருடம் மாறுகின்றன. பத்து வருடம் கழித்து வருகிறவர் கட்டடத்தை நம்பினால் சொந்தத் தெருவையே தவறவிடுவார்.

இடப்பக்கம் மாட்டிக்கொண்டவர்கள் வருந்த வேண்டாம். அடையாற்றின் கழிமுகம், அதன் வாயில் உடைந்து நிற்கும் பாலம், தென்கரையில் பிரம்மஞான சபையின் அடர்ந்த மரங்கள், பெசன்ட் நகர்க் கடற்கரை எல்லாம் அந்தப் பக்கம். அடுத்து வருகிற பெரிய பச்சைப் பரப்பு ஐஐடி வளாகமும் கிண்டி தேசியப் பூங்காவும். பூங்கா மட்டுமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். நகரத்துக்குள் இருக்கும் தேசியப் பூங்கா இந்தியாவில் அபூர்வம். அதற்கும் அப்பால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் மினுமினுக்கும். கோட்டூர்புரத்து நூலகம்போல் விமானத்துக்கு நேர் கீழே வருபவை எந்தப் பக்கத்தாருக்கும் சரியாகத் தெரியாது. அவற்றைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

கடைசியாக வலப்பக்கத்தில் பரங்கிமலை, உச்சியில் தேவாலயத்துடன். அந்தக் கணத்தில் விமானம் மிகத் தாழ்ந்துவிட்டிருக்கும். 300 அடிக் குன்றின் உச்சி ஏறக்குறைய உங்கள் கண் மட்டத்தில் கடந்துபோகும். 1802இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் இந்திய நிலத்தை அளக்கும் பெரும்பணிக்கு அடிப்படைக் கோட்டை அளந்தது இந்த மலைப்பக்கத்தில்தான். நிலப்படங்களில் ஆசை உள்ளவர்கள் அந்த ஒரு நொடிக்காகவாவது வலப்பக்கம் உட்காரலாம்.

மேற்கிலிருந்து இறங்கும் டிசம்பர் வழியைச் சிலர் ‘ஒன்றுமில்லை, வெறும் ஏரிகள்’ என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மழைக்குப் பிறகு வந்தால் நிலம் முழுக்க ஏரிகள் வெள்ளித் தகடுகளாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் மட்டும் வளைந்த கரை, கரைக்குக் கீழே பழைய வயல், இப்போது மனை. இடப்பக்கம் வரும் மிகப் பெரிய நீர்ப்பரப்பு செம்பரம்பாக்கம் ஏரி. முழுக் கொள்ளளவு 3.645 டிஎம்சி, ஆழம் 24 அடி. அதன் உபரி நீர் அடையாற்றில்தான் விழுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டு விமான நிலையமே மூடப்பட்டது நினைவிருக்கும். இரண்டாவது ஓடுபாதை அதே ஆற்றின் மேல் பாலம் கட்டித்தான் போகிறது. ஏரியை அடுத்து, குன்றத்தூர் முருகன் கோயில் குன்று இடப்பக்கம், திருநீர்மலை வலப்பக்கம். இரண்டு குன்றுகளுக்கும் நடுவே நுழைந்துவிட்டால் இருக்கைப் பட்டையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

திரும்பும்போதும் அதே பக்கத்தைக் கேளுங்கள். டிசம்பரில் விமானம் கிழக்கு நோக்கி எழுவதால், இறங்கும்போது கிடைக்காத மயிலாப்பூரும் மெரினாவும் இடப்பக்கத்தில் வரும். ஜூலையில் மேற்கு நோக்கி எழுவதால் செம்பரம்பாக்கம் வலப்பக்கம். எழும்பும் விமானம் வேகமாக உயர்ந்துவிடும் என்பதால் நேரம் இன்னும் குறைவு.

நள்ளிரவில் இறங்குகிறவர்கள் ஜன்னலை மூடிவிட வேண்டியதில்லை. இரவில் வெளிச்சத்தை அல்ல, இருட்டைத் தேட வேண்டும். விளக்குகளின் நடுவே பெரிய கறுப்புத் துண்டு தெரிந்தால் அது கிண்டிக் காடு. விளக்குகள் ஒரே கோடாக அறுந்து நிற்கும் இடம் கடற்கரை. கோட்டுக்கு அப்பால் தனித்தனிப் புள்ளிகள் கப்பல்கள். இறங்கும் நேரத்தில் விமானத்துக்குள் விளக்கைத் தணிப்பது, அவசரம் என்றால் பயணிகளின் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக. அது நமக்கும் உதவுகிறது. போகி அன்று அதிகாலை வந்தால் மட்டும் எதையும் எதிர்பார்க்காதீர்கள். புகைமூட்டத்தில் விமானங்களே தாமதமான வருடங்கள் உண்டு.

திருச்சிக்கும் மதுரைக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு ஊரிலும் ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. இரண்டிலும் நகரம் வடக்கே. திருச்சியில் முதலில் காவிரியையும் கொள்ளிடத்தையும் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவு திருவரங்கம்; 236 அடி ராஜகோபுரம் மேலிருந்தும் தப்பாது, கோபுர விதிக்கு அது விலக்கு. ஆற்றுக்கு இப்புறம் மலைக்கோட்டை. மதுரையில் விமான நிலையத்துக்கு அருகிலேயே திருப்பரங்குன்றம். தொலைவில் படுத்த யானையாக யானைமலை. மீனாட்சி கோயிலைக் கோபுரத்தை வைத்துத் தேடுவதைவிட, சதுரத்துக்குள் சதுரமாக அதைச் சுற்றும் வீதிகளை வைத்துத் தேடுவது எளிது.

கட்டுநாயக்காவில் நீர்கொழும்புக் களப்புதான் அடையாளம். ஓடுபாதைக்கு மேற்கே அது விரிந்து கிடக்கிறது. சோளகத்தில் வலப்பக்கம், வாடையில் இடப்பக்கம். தென்மேற்கு நோக்கி எழும் விமானத்தில் இடப்பக்கம் இருந்தால் முத்துராஜவெலச் சதுப்பு நிலமும், தெளிவான நாளில் தொலைவில் கொழும்பின் தாமரைக் கோபுரமும் தெரியும்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் பருவத்தைப் பார்க்காமல் சொல்கிறேன்: போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம். வழி ஏறக்குறைய நேர் தெற்கு. புதுச்சேரியிலிருந்து காரைக்கால், நாகப்பட்டினம், கோடியக்கரை வரை சோழநாட்டுக் கரை முழுவதும் அந்தப் பக்கத்தில்தான் வரும். இந்த வழியில் பறக்கும் ஏடிஆர் ரக விமானங்களுக்கு இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் எந்த வரிசையிலும் கீழே பார்ப்பதற்குத் தடை இல்லை. பெரிய ஜெட் அளவுக்கு உயரத்திலும் அவை பறப்பதில்லை. கோடியக்கரை முடிந்ததும் பாக்கு நீரிணை, சிறிது நேரத்தில் யாழ்ப்பாணத்தின் செம்மண். காங்கேசன்துறைத் துறைமுகத்தின் அலைதாங்கியைப் பிடித்துவிட்டால் பலாலி அதற்குத் தென்கிழக்கே பக்கத்தில்தான். நல்லூர் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது; அதைத் தேடிக் கழுத்தை வலிக்கச் செய்துகொள்ள வேண்டாம்.

இருக்கை எழுத்துகளில் ‘ஏ’ எப்போதும் இடது ஜன்னல். வலது ஜன்னல் ஒற்றை நடைபாதை விமானத்தில் பொதுவாக ‘எஃப்’, பெரிய விமானத்தில் பெரும்பாலும் ‘கே’. இறக்கை வரிசைகளைத் தவிர்த்து, முடிந்தால் அதற்கு முன்னால் உட்காருங்கள். பின்னால் என்றால் எஞ்சினின் சூடான காற்றில் காட்சி கலங்கலாம். ராணுவத்தோடு தொடர்புள்ள விமான நிலையங்களில் படம் எடுக்கத் தடை உண்டு. பலாலியிலும் பணியாளர்கள் ‘வேண்டாம்’ என்றால் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

கிளம்புமுன் கைபேசியில் அந்தப் பகுதியின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விமானப் பயன்முறையிலும் பெரும்பாலான கைபேசிகளில் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஜன்னலை ஒட்டிப் பிடித்தால் நீங்கள் எங்கே பறக்கிறீர்கள் என்று நீலப் புள்ளி காட்டும். உங்கள் ஊர் ஏரியையோ குளத்தையோ அந்த வரைபடத்தில் வீட்டிலேயே குறித்து வைத்துவிடுங்கள். பெரிய ஊர்களை விமானத்தின் திரை காட்டிவிடும். உங்கள் கிராமத்தை அது காட்டாது.