ஐந்தாவது ஃப்ரெட்டை விட்டு நகரும் வழி: கித்தார் ஸ்கேல் பயிற்சி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பையன்கள் பலர் ஏ மைனர் பெண்டடோனிக்கை (ஐந்து ஸ்வர ஸ்கேல்) ஐந்தாவது ஃப்ரெட்டில் (கித்தார் கழுத்தின் உலோகக் கட்டம்) மளமளவென்று வாசிப்பார்கள். கல்யாண மேடையில் பாடுகிறவர் "ஆறு கட்டை வேண்டாம், ஐந்து வை" என்று சுருதியை ஏ-யிலிருந்து இறக்கச் சொன்னதும் கை நின்றுவிடும். இது அவர்களுக்கான பதிவு. சுருதி சேர்க்கவும் பிக் பிடிக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முதல் பாக்ஸ், அதாவது கையை ஒரே இடத்தில் வைத்து வாசிக்கும் வடிவம். எண்கள் ஃப்ரெட்டைக் குறிக்கும். தடித்த ஆறாவது கம்பியில் 5, 8. அடுத்த மூன்று கம்பிகளிலும் 5, 7. கடைசி இரண்டில் மறுபடி 5, 8. எட்டுக்குச் சுண்டுவிரல்தான், மோதிரவிரலை நீட்டிச் சமாளிக்காதீர்கள்.

படி 2: பாடிக்கொண்டே வாசியுங்கள். ஏ-யை ஸட்ஜமாக வைத்தால் ஸ க ம ப நி, அதாவது சுத்த தன்யாசி. அதே பாக்ஸில் ஆறாவது கம்பி 8இல் இருக்கும் சி-யிலிருந்து தொடங்கினால் ஸ ரி க ப த, மோகனம். இரண்டுக்கும் அதே ஐந்து ஸ்வரங்கள்தான். கோயில் பஜனை கேட்டு வளர்ந்த காதுக்கு இது சட்டென்று பிடிபடும். இந்த ஸ்கேலின் ஐந்து பாக்ஸையும் அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண் பழகும், காது பழகாது.

படி 3: எல்லாரும் இடறும் இடம். அவசரப்படாமல் படியுங்கள். கம்பிகள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு இடையே ஐந்து ஃப்ரெட் தூரம். ஜி-க்கும் பி-க்கும் நடுவில் மட்டும் நான்கு. அதனால்தான் எந்த வடிவமும் இரண்டாவது கம்பிக்கு வந்ததும் ஒரு ஃப்ரெட் தள்ளிப்போகிறது.

சோதித்துப் பாருங்கள். ஆறாவது கம்பி 5இல் ஏ. இரண்டு கம்பி தாண்டி, இரண்டு ஃப்ரெட் ஏறினால் நாலாவது கம்பி 7, மேல் ஏ. அதே கணக்கில் இரண்டாவது கம்பி 9க்குப் போனால் அபஸ்வரம்! 10தான் சரி. ஜி–பி எல்லையைத் தாண்டினால் இரண்டுக்குப் பதில் மூன்று ஃப்ரெட். ஏ-யை மட்டும் கம்பி கம்பியாகத் தேடி, பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு சி, டி, ஈ, ஜி.

படி 4: முதல் பாக்ஸின் வலது ஓரம்தான் இரண்டாவது பாக்ஸின் இடது ஓரம். ஆறாவது கம்பியிலிருந்து: 8-10, 7-10, 7-10, 7-9, 8-10, 8-10. இரண்டையும் சேர்க்க, முதல் கம்பியில் மட்டும் 0, 3, 5, 8, 10, 12 என்று ஏறி இறங்குங்கள். மெட்ரோனோம் (தாளக் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டு, தட்டுக்கு இரண்டு ஸ்வரம். டிரம்ஸ் டிராக் வேண்டாம், அது தப்பை மறைத்துவிடும்.

(நம் ஊர் ஈரத்தில் ஸ்டீல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், விரல் சறுக்காது. வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வையுங்கள்.)

படி 5: இப்போது ஐந்து கட்டை. அது ஜி, ஆறாவது கம்பியில் 3. முதல் பாக்ஸை அப்படியே அங்கே நகர்த்தி, பாடகரோடு வாசியுங்கள். கேப்போ (கம்பிகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கிளிப்) தேவையில்லை.

பின்சேர்க்கை: யுகலேலேக்கும் இது சரிவருமா என்று கேட்டிருந்தார்கள். வரும். ஜி, சி, ஈ, ஏ என்பது கித்தாரின் மெல்லிய நான்கு கம்பிகளை ஐந்து ஃப்ரெட் ஏற்றியது போலத்தான், வடிவம் மாறாது. ஆனால் வழக்கமான யுகலேலேயில் நாலாவது கம்பி மேல்ஸ்தாயியில் இருக்கும், வரிசையாக ஏறுவது போலக் கேட்காது. அதற்கு மூன்றாவது கம்பியிலிருந்து தொடங்குங்கள்.