‘காலநிலை மாற்றத்தால் பெய்த மழை’ என்று எழுதும் முன் சரிபார்க்க வேண்டியவை

2024 அக்டோபர் 25 அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மதுரை நகரில் பிடித்த மழை, முதல் பதினைந்து நிமிடங்களிலேயே 4.5 செ.மீ. கொட்டித் தீர்த்தது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி ஒன்றின் மீது அந்தக் கால்மணி நேரத்தில் விழுந்த நீர் மட்டும் நாலாயிரம் லிட்டருக்கு மேல் இருக்கும். செல்லூர்ப் பக்கத்துத் தெருக்களில் வீட்டுப் படியேறி வந்த தண்ணீர் வடிவதற்குள்ளேயே டீக்கடைகளில் இரண்டு தீர்ப்புகள் வாசிக்கப்பட்டுவிட்டன. ‘எல்லாம் காலநிலை மாற்றம் செய்கிற வேலை’ என்பது ஒன்று; ‘ஐப்பசி என்றால் அடைமழைதானே, இதில் என்ன அதிசயம்’ என்பது மற்றொன்று. இரண்டு தரப்பாருமே ஒரு புள்ளிவிவரத்தையும் புரட்டிப் பார்த்திருக்கவில்லை.

அப்படிப் புரட்டிப் பார்க்க விரும்பும் ஆசிரியர்கள், ஊராட்சிப் பிரதிநிதிகள், உள்ளூர்ச் செய்தி எழுதுவோர் ஆகியோருக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். இதற்கு வானிலையியல் பட்டம் தேவையில்லை. பொறுமையும், பெருக்கல் வகுத்தல் தெரிவதும் போதும்.

முதலில் கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டும். ‘இந்த மழைக்குக் காலநிலை மாற்றம் காரணமா, இல்லையா?’ என்று கேட்டால் விடை கிடைக்காது, ஏனெனில் எந்த மழைக்கும் ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். தை மாதத்தில் பனியால் செடியில் மொட்டு குறைந்து மல்லிகை வரத்து சரியும். அதே நேரத்தில் முகூர்த்த நாள்களும் அடுத்தடுத்து வரும். கிலோ விலை ஆயிரங்களில் ஏறும். அந்த விலைக்குக் காரணம் பனியா, முகூர்த்தமா என்று எந்தப் பூ வியாபாரியும் வாதாடிக்கொண்டிருப்பதில்லை. பனி இல்லாத மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில் விலை என்னவாக இருந்தது என்பது அவருக்குத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டுப் பனியின் பங்கு இவ்வளவு என்று சொல்லிவிடுவார். காலநிலை ஆய்வாளர்கள் கேட்பதும் இதே கேள்விதான்: புவி வெப்பமடையாமல் இருந்திருந்தால் இப்படிப்பட்ட நிகழ்வு எவ்வளவு அரிதாக, எவ்வளவு வலுக்குறைவாக வந்திருக்கும்? இக்கேள்விக்கு ‘இத்தனை மடங்கு’, ‘இத்தனை சதவீதம்’ என்று எண்ணில் விடை சொல்ல முடியும்.

அடுத்து, நிகழ்வை அளவோடு வரையறுக்க வேண்டும். எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு பரப்பில், எத்தனை செ.மீ. என்று சொல்லாதவரை ‘வரலாறு காணாத மழை’ என்ற தொடருக்குப் பொருளில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில், 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. முதல் 11.55 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 11.56 முதல் 20.44 வரை மிகக் கனமழை. அதற்கும் மேலே போனால் அதிகனமழை. மேகவெடிப்பு என்று நாம் தாராளமாகப் பயன்படுத்தும் சொல்லுக்கும் வரையறை உண்டு: ஏறத்தாழ 20 முதல் 30 சதுர கி.மீ. பரப்பில் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. பெய்ய வேண்டும். வெயிலுக்கும் அப்படியே. சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் வெப்ப அலை. 45 டிகிரியைத் தொட்டுவிட்டால் இயல்பைப் பார்க்க வேண்டியதில்லை. மதுரையில் மே மாதம் 40 டிகிரி என்பது அக்னி நட்சத்திரத்தின் வழக்கமான முகம். அதை மட்டும் வைத்து வெப்ப அலை என்று தலைப்பிடுவது தவறு.

பழைய பதிவுகளைத் தேடும்போது தேதியில் ஏமாறக் கூடாது. நம் மழைமானிகள் காலை 8.30 மணிக்கு அளக்கப்படுபவை. அக்டோபர் 25 பிற்பகலில் பெய்த மழை, பட்டியலில் அக்டோபர் 26-ஆம் தேதியின் கணக்காக நிற்கும். வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம், நாடு முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து 1901 முதலான அன்றாட மழையளவை இலவசமாகத் தருகிறது. ‘இயல்பு’ என்பதற்கு, வெப்பநிலையில் 1991 முதல் 2020 வரையிலான முப்பதாண்டுச் சராசரியையும், மழையில் 1971 முதல் 2020 வரையிலான ஐம்பதாண்டுச் சராசரியையும் கொள்வது அத்துறையின் இப்போதைய வழக்கம். தாத்தா சொன்ன வெயிலையும் பாட்டி கண்ட வெள்ளத்தையும் மதிப்போடு கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அவற்றைச் சராசரியில் சேர்க்க முடியாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நாட்டில் ஆயிரக்கணக்கான மழைமானிகள் உள்ளன. காலநிலை ஒரு துளியும் மாறாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏதாவது ஓர் ஊரில் ஏதாவது ஒரு சாதனை முறியத்தான் செய்யும். ஆகவே ஓர் ஊரின் ஒரு நாள் பதிவைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது; ஒரு வட்டாரத்தில் பல ஆண்டுகளாகச் சாதனைகள் ஒரே திசையில் முறிகின்றனவா என்பதே பார்க்க வேண்டியது.

அதன்பின், நிகழ்வு எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிய வேண்டும். எல்லா வகைக்கும் ஒரே அளவு உறுதியோடு பேசிவிட முடியாது. வெயிலில்தான் உறுதி மிக அதிகம். 2011–2020 காலத்தில் புவியின் சராசரி வெப்பம், 1850–1900 காலத்தைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி கூடியிருந்தது என்றும், இதற்கு மனிதச் செயல்பாடே காரணம் என்பதில் ஐயமில்லை என்றும் ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2021-இல் அறிவித்தது. அடித்தளமே உயர்ந்துவிட்டதால் அதன் மேல் எழும் உச்சங்களும் உயர்கின்றன. 2022 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்பம், புவி வெப்பமடைதலால் ஏறத்தாழ 30 மடங்கு நிகழக்கூடியதாகிவிட்டது என்று உலக வானிலைப் பங்களிப்பு ஆய்வுக் குழுவான ‘வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன்’ கணக்கிட்டது. எனினும் மதுரைக்கு வரும்போது ஒரு திருத்தம் சேர்த்துக்கொள்ள வேண்டும். தார்ச்சாலையும் கான்கிரீட்டும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுவதால், மாசி வீதிகளின் இரவு வெப்பத்துக்கும் ஊருக்கு வெளியே வயல்காட்டின் இரவு வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடு நகரம் பெருத்ததன் விளைவு. அதைப் புவியின் கணக்கில் எழுதக் கூடாது.

கனமழை அடுத்த படியில் நிற்கிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். பெரிய பாத்திரத்தில் மொள்ளுவதைப் போலத்தான். ஆனால் அந்த ஈரக்காற்றை எந்த நாளில் எந்த ஊருக்குக் கொண்டுவருவது என்பதைக் காற்றழுத்தத் தாழ்வு நிலையும், பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவும், இந்தியப் பெருங்கடலின் கிழக்கு மேற்குப் பகுதிகளுக்கிடையிலான வெப்பநிலை வேறுபாடும் தீர்மானிக்கின்றன. புயல்களில், மொத்த எண்ணிக்கை கூடியதாக உறுதிபடச் சொல்ல முடியாது. வலிய புயல்களின் விகிதமும் அவை கொட்டும் மழையும் கூடுகின்றன, உயர்ந்துவரும் கடல்மட்டம் கரையேறும் அலைக்குத் துணைசெய்கிறது என்று சொல்லலாம். ஆலங்கட்டி மழை, கோடை இடி, சூறைக்காற்று ஆகியவற்றில் கையை அடக்கிக்கொள்வது நல்லது.

வறட்சி சிக்கலானது. மதுரைச் சீமை மறக்காத தாது வருஷப் பஞ்சம் 1876-77-இல் வந்தது. அப்போது கரியமில வாயு இன்றைய அளவில் இல்லை. வலுவான எல் நினோ இருந்தது. விளைந்த தானியத்தைக் கப்பலேற்றிய ஆட்சியும் இருந்தது. ‘அந்தக் காலத்திலேயே வரவில்லையா?’ என்று இதைக் காட்டி வாதிடுவோருக்குச் சொல்ல வேண்டிய மறுமொழி எளிது: பூ விலை முன்பும் முகூர்த்தத்தால் ஏறியிருக்கிறது என்பதால் இன்றைய பனிக்குப் பங்கே இல்லை என்றாகிவிடாது.

பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் மழையையும் வெள்ளத்தையும் ஒன்றாக்குவதில் இருக்கிறது. வானத்திலிருந்து விழுந்தது மழை. வீட்டுக்குள் புகுந்தது வெள்ளம். முன்னதன் கணக்கில் காலநிலைக்குப் பங்கு இருக்கலாம். பின்னதன் கணக்கில் வரத்துக் கால்வாய், கண்மாயின் உபரிநீர் வழியும் கலுங்கு, அந்த நீர் ஓடும் மறுகால், கட்டடம் ஆகியவையும் சேரும். செல்லூர்க் கண்மாயின் உபரிநீர் பந்தல்குடிக் கால்வாய் வழியாகத்தான் வைகையைச் சேர வேண்டும். அந்தக் கால்வாயில் ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைத்திருந்தால், சாதாரண கனமழைக்கே தண்ணீர் தெருவைத் தேடி வரும். வெள்ளத்துக்கு மறுநாள் கால்வாய்ப் பாலத்தின் மீது நின்று பார்த்தால், எந்த மட்டம் வரை நெகிழிப் பைகள் சுவரில் ஒட்டியிருக்கின்றன என்பதிலிருந்தே பாதிக் கதை தெரிந்துவிடும். மொத்தப் பழியையும் புவி வெப்பத்தின் மீது போடுவது தூர்வார வேண்டியவர்களுக்கு மிக வசதியான ஏற்பாடு என்பது என் கருத்து.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். ஒரு பள்ளிக் கண்காட்சிக்காக, ‘2015 சென்னை வெள்ளம்: காலநிலை மாற்றத்தின் நேரடி விளைவு’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பிறகுதான் அந்த மழையைப் பற்றிய ஆய்வையே படித்தேன். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்த அந்நிகழ்வை ஆராய்ந்த கெர்ட் யான் வான் ஓல்டன்போர்க் தலைமையிலான குழு, அதில் புவி வெப்பமடைதலின் தடத்தைக் கண்டறிய முடியவில்லை என்று 2016-இல் வெளியிட்டது. வங்கக் கடலின் மேற்குப் பகுதி எதிர்பார்த்த அளவுக்குச் சூடாகவில்லை. காற்றில் மிதக்கும் புகையும் தூசும் சூரிய ஒளியைத் தடுத்துப் பசுங்குடில் வாயுக்களின் விளைவை அங்கே பெருமளவு ஈடுகட்டியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆய்வாளர்களே ‘இல்லை’ என்று எழுதத் தயங்கவில்லை என்பதுதான், அவர்கள் ‘ஆம்’ என்று எழுதும்போது நம்புவதற்குக் காரணம். 2024 ஜூலை 30-இல் வயநாட்டில் நிலச்சரிவைக் கொண்டுவந்த மழையை ஆராய்ந்தவர்கள், அது காலநிலை மாற்றத்தால் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதலாகப் பெய்தது என்று கண்டார்கள். மலைப்பகுதிக்கு, காலநிலையைக் கணக்கிடும் கணினி மாதிரிகளின் துல்லியம் போதாது என்பதையும் உடனே குறித்தார்கள்.

இத்தகைய ஆய்வு கைக்கு வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். நிகழ்வை எப்படி வரையறுத்தார்கள் என்பது முதலாவது. ஒரு நாள் மழையா, முப்பது நாள் மழையா, ஒரு மாவட்டமா, மாநிலமா என்பதைப் பொறுத்து விடை மாறும். அதனால் மாநில அளவில் வந்த எண்ணைத் தூக்கிச் செல்லூருக்குப் பொருத்தக் கூடாது. நேரடிப் பதிவுகளும் கணினி மாதிரிகளும் ஒன்றுபோலப் பேசுகின்றனவா என்பது இரண்டாவது. மூன்றாவது, விடையோடு தரப்படும் மேல் கீழ் வரம்பு. ‘நான்கு மடங்கு’ என்று தலைப்பில் இருக்கும். ‘ஒன்றரை முதல் பதினொன்று வரை’ என்று உள்ளே இருக்கும். உள்ளே இருப்பதையே எழுதுங்கள். நிகழ்வு நடந்த சில நாள்களில் வரும் விரைவு ஆய்வுகள், அச்சேறும் முன் பிற அறிஞர்களின் சரிபார்ப்புக்குப் போயிருக்காது. முறை ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டதுதான் என்றாலும், அதை ஒரு வரியில் குறிப்பிடுவது நேர்மை.

குறிப்பிட்ட நிகழ்வுக்கென ஆய்வு கையில் இல்லாதபோது எழுதத்தக்க வாக்கியம் இப்படி இருக்கலாம்: ‘புவி வெப்பமடைவதால் குறுகிய நேரத்தில் கொட்டும் கனமழைகள் வலுப்பெற்று வருகின்றன, இந்த மழையும் அந்தப் போக்கோடு பொருந்துகிறது, வெள்ளத்தின் அளவை நீர்வழிகளின் நிலையும் தீர்மானித்தது.’ ‘பொருந்துகிறது’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘நிரூபிக்கிறது’ என்று போட்டால் வாக்கியம் பொய்யாகிவிடும்.

நம் ஊரின் பதிவு நம்மிடமே இருப்பது எல்லாவற்றுக்கும் அடிப்படை. நேரான சுவர் கொண்ட கண்ணாடிப் புட்டியும் ஓர் அளவுகோலும் இருந்தால் மழைமானி தயார். புட்டியின் வாயகலமும் அடியகலமும் ஒன்றாக இருக்க வேண்டும், அடி தட்டையாக இருக்க வேண்டும். தென்னையும் சுவரும் மறைக்காத திறந்த இடத்தில், காற்றுக்குச் சாயாதபடி நட்டு வையுங்கள். காலை 8.30-க்கு நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் படித்து, அளந்த நாளின் தேதியிட்டுக் குறித்துக்கொண்டு, புட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லையென்றால், கால்மணி நேரத்தில் கொட்டிய 4.5 செ.மீ.யும் நாள் முழுதும் தூறிய 4.5 செ.மீ.யும் நோட்டில் ஒரே எண்ணாகத்தான் நிற்கும்.