தொடும் முன் சொல்லிவிடுங்கள்
அடிக்கும் வசவுக்கும் ஆளான குழந்தையிடம் எதைச் செய்வதானாலும், செய்யும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்: "பின்னால் உட்கார்ந்து தலை பின்னிவிடப் போகிறேன், சரியா கண்ணு?" என்று கேட்டு, அது தலையாட்டிய பிறகே சீப்பை எடுங்கள்.

அச்சத்திலேயே வளர்ந்த குழந்தையின் உடல், திடீரென உயரும் கையையும் படாரெனச் சாத்தப்படும் கதவையும் ஆபத்தாகவே எடுத்துக்கொள்வதால், நாம் அடம் என்று கண்டிப்பது பல நேரங்களில் வெறும் பயம்தான். அடுத்து என்ன வரும் என்பது தெரிந்தால் அந்த உடல் மெல்லத் தளர்கிறது. சமாதானப்படுத்தும் நேரமும் மிச்சமாகிறது. கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும் நாட்களில், இரவு எங்கே படுப்போம், யார் பக்கத்தில் இருப்பார்கள் என்பதையும் மாலையிலேயே சொல்லிவையுங்கள். காப்பாற்ற முடியாத எதையும் சொல்லாதீர்கள்.

வண்டி வரும் சாலையில் முதலில் கையைப் பிடித்து இழுங்கள், விளக்கம் பிறகு. கொடுமை இன்னும் நடக்கிறது என்று தெரிந்தால் இந்த முறை போதாது; "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். பாலியல் கொடுமையானால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம்.